பெரிய பல்கலைக்கழகமும் நம் ஆய்வு மாணவரும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேசுமாறு நமக்கு அளிக்கப்பட்ட பொருள் 'உயர்கல்வியில் நம் மக்கள்' என்பதாகும். பொருள் பெரிது, பொழுது சிறிது. ஆதலின் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இளங்கலையும் முதுகலையும் முடித்து, ஏதேனும் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரும் நம் பிள்ளைகள் அங்கே என்ன காண்கிறார்கள், எதனால் தளர்கிறார்கள், எதனால் நிலைக்கிறார்கள் என்பதே அப்பகுதி.

நாம் பி.ஏ., பி.எட். படித்து ஆசிரியப் பணிக்கு வந்தோம். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பழகியதில்லை. ஆகையால் இங்கே நாம் கூறவிருப்பவை, நம்மிடம் பயின்று சென்ற மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது திண்ணையில் அமர்ந்து நம்மிடம் சொன்னவையும், நாடறியப் பதிவாகியுள்ள செய்திகளுமே ஆகும். அம்மாணவர்களின் பெயர்களைச் சொல்லாது விடுகிறோம். அவர்களில் சிலர் இன்னும் ஆய்வேட்டை முடிக்கவில்லை. நம் பேச்சு அவர்களுக்கு இடையூறாகிவிடலாகாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இக்கழகம் தொடங்கியபோது நம் கவலையெல்லாம் பத்தாம் வகுப்பைப் பற்றியதாக இருந்தது. பிள்ளை பள்ளியைவிட்டு நின்றுவிடாமல் இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறிவிட வேண்டும், அவ்வளவே. மாலைநேர வகுப்பும், குறிப்பேடு வழங்குதலும், தேர்வுக் கட்டணம் செலுத்துதலும் அக்கவலைக்கு ஏற்ற மருந்துகளாயிருந்தன. அம்மருந்து பலித்தது. இன்று நம் தெருக்களில் பட்டதாரி இல்லாத வீடுகளை எண்ணிவிடலாம். முதுகலை முடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ ஆய்வுப் படிப்புக்கும் செல்கிறார்கள். ஆனால் அவ்வாறு செல்பவரை இரயிலேற்றி அனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கமே இன்றும் நம்மிடையே உள்ளது. அங்ஙனம் கருதுதல் தகாது என்பதே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து.

முதலில், பெற்றோர் பொருட்டு, இவ்வாய்வுப் படிப்பு எத்தகையது என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். பள்ளியிலும் கல்லூரியிலும் பாடம் உண்டு, தேர்வு உண்டு, தேதி உண்டு. ஆய்வில் அவ்வாறில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள். மிகுந்தது 6 ஆண்டுகள். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டுகள் நீட்டிப்புத் தரலாம். பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பும் குழந்தை வளர்ப்பு விடுப்புமாக 240 நாள்கள் வரை உண்டு. தொடக்கத்தில் சில பாடங்களைப் படித்துத் தேற வேண்டும். பிறகு ஒரு நெறியாளரின் கீழ் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதுவரை எவரும் கூறாத ஒன்றைச் சான்றுடன் கூற வேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நின்று வேலையின் நிலையை விளக்க வேண்டும். இறுதியில் ஆய்வேடு எழுதி, வெளியார் முன் வாய்மொழித் தேர்வுக்கு நிற்க வேண்டும். ஆகவே, "என்னப்பா, இன்னுமா படிக்கிறாய்? எப்போது முடியும்?" என்று ஊரார் கேட்கும் கேள்விக்கு அப்பிள்ளையிடம் விடை இல்லாதிருப்பது அவன் சோம்பலைக் காட்டுவதாகாது. படிப்பின் இயல்பே அத்தகையது.

இனி அவர்கள் காணும் துன்பங்களுக்கு வருவோம். அவை பலவாயினும் நான்கு என்று வகுத்துக்கொள்ளலாம்: நெறியாளர், பணம், மொழி, சாதி.

நெறியாளர் என்பவர் ஆய்வு மாணவருக்கு ஆசானும் மேலதிகாரியும் ஒருங்கே ஆனவர். உதவித்தொகைப் படிவத்தில் அவர் கையொப்பம் வேண்டும். விடுப்புக்கு அவர் இசைவு வேண்டும். ஆய்வேடு அவர் கையெழுத்தின்றி அலுவலக வாயிலைத் தாண்டாது. ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராயிருக்கலாம் என்பது விதி. இடம் குறைவு; நாடுவோர் மிகுதி. தந்தையோ மாமனோ பேராசிரியராயுள்ள மாணவன், எந்த ஆசிரியரிடம் இடம் உண்டு, எவர் எந்தப் பொருளில் வல்லவர், எவர் மாணவரை முடிக்கவிடுவார், எவர் இழுத்தடிப்பார் என்பவற்றை வீட்டிலேயே கேட்டறிந்து வருகிறான். நம் பிள்ளை நுழைவுத் தேர்வில் வென்றவுடன் எல்லாம் வென்றதாக எண்ணிச் செல்கிறான். அங்கே அறைக்கதவுகளுக்கு வெளியே நிற்க நேர்கிறது.

இதனால் என்ன விளையும் என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த மத்தியப் பல்கலைக்கழகம். நாட்டின் சிறந்த உயர்கல்வி நிலையங்களுள் ஒன்று. நம் சேலம் மாவட்டத்திலிருந்து, பன்றி வளர்ப்பை வாழ்வாகக் கொண்ட குடும்பத்திலிருந்து, இளைஞர் ஒருவர் அங்கே இயற்பியல் ஆய்வுக்குச் சென்றார். 2008 பிப்ரவரியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர்ப் பல்கலைக்கழகம் அமைத்த குழு ஆராய்ந்தபோது, அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படாமலே இருந்தது பதிவாயிற்று. இயற்பியல் கற்க அவ்வளவு தொலைவு சென்ற பிள்ளைக்கு, "இவன் என் மாணவன்" என்று சொல்ல அங்கே ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த நமக்கு, இச்செய்தியைப் போல் நெஞ்சைச் சுட்டது பிறிதொன்றில்லை.

அடுத்தது பணம். நம் மாணவர்க்கு உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. பட்டியல் வகுப்பினர்க்கான மெட்ரிக் பிந்திய உதவித்தொகை 1944ஆம் ஆண்டு முதல் உள்ளது. ஆய்வு மாணவர்க்கென்றே தனித் தேசிய உதவித்தொகை 2005ஆம் ஆண்டில் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பெற்றது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றோர்க்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்தால் 42,000 ரூபாயும் என 2023 ஜனவரி முதல் வகுக்கப்பட்டது. இவை கிட்டாத ஆய்வாளர்க்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் என்றொரு சிறு தொகையும் உண்டு. அச்சிறு தொகையையும் நிறுத்திவிட 2015ஆம் ஆண்டில் மானியக் குழு முற்பட்டபோது, மாணவர்கள் தில்லியில் அதன் அலுவலகத்தின் முன் நாள்கணக்கில் அமர்ந்து போராடி அதனைக் காத்தனர். நம் மாநில அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் முழுநேர ஆய்வாளர்க்கு ஊக்கத்தொகை வழங்குகிறது.

ஏட்டில் இவ்வளவு இருக்க, இன்னல் எங்கே எனின், காலத்தில் இருக்கிறது. சேர்ந்த நாளிலேயே பணம் வருவதில்லை. சேர்க்கை அறிக்கை, நெறியாளர் கையொப்பம், துறைத் தலைவர் கையொப்பம், பதிவாளர் அலுவலகம், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றின் சரிபார்ப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் உள்ளன. ஒரு தாள் ஓரிடத்தில் தங்கினால் ஒரு மாதம் போயிற்று. இறுதியில் நிலுவை மொத்தமாக வந்து சேரும். ஆனால் பசியை அவ்வாறு மொத்தமாகத் தள்ளிவைக்க இயலுமோ?

நம் பள்ளி மாணவர் ஒருவர் வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் ஆய்வுக்குச் சேர்ந்தார். தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி. சேர்ந்து ஒன்பது மாதங்கள் ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை. விடுதி உணவுக் கட்டணம் செலுத்தாதவர் பட்டியலை உணவுக்கூடத்தின் வாயிலிலேயே ஒட்டுவார்களாம். தம் பெயரைப் பிறர் படிக்கும் நேரத்தில் அங்கே நிற்க நாணி, எல்லோரும் உண்டு முடித்துப் பாத்திரம் கழுவும் வேளையில் சென்று மிஞ்சியதை உண்டிருக்கிறார். அன்னையார் காதுத் தோட்டை அடகு வைத்து அனுப்பிய பணத்தில் இரண்டு மாதம் கழிந்தது. "சார், ஆய்வு கடினமாக இல்லை, மெஸ் பில்தான் கடினமாக இருந்தது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வொன்பது மாதத்தில் இருமுறை மூட்டை கட்டி ஊர் திரும்ப முடிவு செய்தவர் அவர். விடுதியில் இருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் தடுத்துத் தம் தொகையிலிருந்து கடன் தந்திருக்கிறார். அந்த ஒருவர் இல்லாதிருந்தால், இன்று ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் அவர் சூளைக்கே திரும்பியிருப்பார். ஊரும், "படிப்பு ஏறவில்லை போலும்" என்று சொல்லியிருக்கும்.

ரோகித் வேமுலாவை இளைஞர் அனைவரும் அறிவீர்கள். தாய் ராதிகா தையல் தைத்து வளர்த்த பிள்ளை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். அவரும் தோழர் நால்வரும் விடுதியிலிருந்து விலக்கப்பட்டு, வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் அமைத்துத் தங்கினர். அதற்கு 'வெளிவாடா' என்று பெயரிட்டனர். நாம் சேரி என்பதை அவர்கள் மொழியில் அவ்வாறு சொல்வர். 2016 ஜனவரி 17 அன்று அவர் மறைந்தார். விட்டுச்சென்ற மடலில், தமக்கு ஏழு மாத உதவித்தொகை வரவேண்டியிருப்பதைக் குறிப்பிட்டு, அது தம் குடும்பத்துக்குச் சேருமாறு பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அவர் மறைவுக்குப் பின் நாடெங்கும் எழுந்த குரல்களைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். நாம் அந்த ஏழு மாதங்களை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

மூன்றாவது மொழி. தமிழ்வழியில் பயின்ற மாணவர் பெரிய பல்கலைக்கழகத்தின் கருத்தரங்க அறையில் முதல்நாள் அமரும்போது, பாடம் புரியாமற் போவதில்லை. பேச்சின் வேகம் புரிவதில்லை. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவன் அறிவுடையவனாகவும், தயங்கிப் பேசுபவன் அறிவற்றவனாகவும் அங்கே எண்ணப்படுவது உண்டு. நம் மாணவி ஒருவர் வரலாற்றில் ஆய்வு செய்கிறார். முதல் ஆண்டு முழுவதும் கருத்தரங்கில் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒரு வழி கண்டார். கேட்க விரும்பும் கேள்வியை முதல்நாள் இரவே மூன்று வரியில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதனைப் பார்த்துப் படித்தார். முதலில் சிலர் சிரித்தார்கள். நான்கு மாதம் கழித்து, "இந்த வாரம் உங்கள் கேள்வி என்ன?" என்று பேராசிரியரே கேட்கத் தொடங்கினாராம். மேலும், நில வரிக் கணக்குகளையும் ஊர்ப் பெயர்களையும் தமிழில் படித்துப் பொருள் சொல்ல அத்துறையில் அவரைத் தவிர வேறெவரும் இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆங்கிலத்தைப் பயிற்சியால் அடையலாம். பயிற்சிக்குக் கூச்சம் ஆகாது. அதே வேளையில், தாய்மொழியும் தாம் பிறந்த ஊரைப் பற்றிய அறிவும் ஆய்வுக்கு உதவாத சுமைகள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா.

அம்மாணவிக்கு வேறொரு துன்பமும் வந்தது. அது நம்மிடமிருந்து வந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊர் வரும்போது, வரன் வந்திருக்கிறது என்ற பேச்சே அவரை வரவேற்றது. படிப்பை இரண்டாம் ஆண்டில் நிறுத்தச் சொன்னவர்கள் அந்நியர்கள் அல்லர். தாய்மார்களே, பெண்பிள்ளைக்கு அரசே கூடுதலாக இரண்டாண்டு தருகிறது. நாம் தர வேண்டாமா?

நான்காவது சாதி. பெரிய பல்கலைக்கழகத்தில் எவரும் எதிரே வந்து சாதியைக் கேட்பதில்லை என்று நினைப்பீர்கள். நேராகக் கேட்பதில்லைதான். "உன் ரேங்க் என்ன? எந்த ஒதுக்கீடு?" என்று கேட்கிறார்கள். சேர்க்கைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஒவ்வாத எண் விழுகிறது. 2006ஆம் ஆண்டில், அப்போதைய மானியக் குழுத் தலைவர் சுகதேவ் தோரட் அவர்கள் தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்துத் தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தில் விசாரித்தது. 2007இல் வந்த அதன் அறிக்கை, நம் மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஒதுக்கப்படுவதை எடுத்துரைத்தது. 2012ஆம் ஆண்டில் மானியக் குழு வெளியிட்ட சமத்துவ விதிகள், ஒவ்வோர் உயர்கல்வி நிலையத்திலும் சமவாய்ப்பு மையம் அமைய வேண்டும், பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று கூறின. விதி ஏட்டளவில் நிற்கிறது என்று, ரோகித்தின் தாயாரும், மும்பையில் மருத்துவ மேற்படிப்புப் படித்து 2019இல் மாண்ட பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாயாரும், அதே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். பிள்ளைகளை இழந்த இரு அன்னையர் பிறர் பிள்ளைகளுக்காக வழக்காட நின்றது நாம் மறக்கத் தகாத செயல்.

இளைஞர்களே, நெறியாளரும் பணமும் மொழியும் சாதியும் தனித்தனியே வந்தால் பெரும்பாலோர் தாங்கிவிடுவர். அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வருகின்றன. மொழி தயங்கினால் நெறியாளர் கிடைக்கத் தாமதமாகிறது. நெறியாளர் இல்லாவிடில் படிவத்தில் கையொப்பம் இல்லை. கையொப்பம் இல்லாவிடில் பணம் இல்லை. பணம் இல்லாதவன் விடுதியில் தலைகுனிகிறான். தலைகுனிந்தவனைத் "தகுதியில்லாதவன்" என்று சொல்வது எளிதாகிறது. இச்சங்கிலியை அறியாத மாணவன், குறை தன்னிடமே இருப்பதாக நம்பத் தொடங்குகிறான். அந்நம்பிக்கையே எல்லாவற்றினும் கொடியது.

இங்கு அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்வை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். நாம் அவருடைய பட்டங்களை வரிசையாகச் சொல்லி மகிழ்கிறோம். அப்பட்டங்கள் வந்த வழியை அவ்வளவாகச் சொல்வதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாவில் படித்தவர், 1916இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய அவருடைய பெட்டிகள் போர்க்காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கின. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தினிடம் இசைவு பெற்றிருந்தார் என்பதைக் கவனியுங்கள். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராகி, ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோல்காப்பூர் சாகு மகாராசா உதவினார். நவல் பத்தேனா என்னும் பார்சி நண்பர் கடன் கொடுத்தார். இங்கே ரமாபாய் அம்மையார் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

பின்னர் ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை 1922இல் அளித்தார். தேர்வாளர்கள் அதனை அப்படியே ஏற்கவில்லை. மாற்றி எழுதச் சொன்னார்கள். அதற்குள் கைப்பணம் கரைந்துவிட்டபடியால், 1923இல் பம்பாய்க்குத் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டிலேயே டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது, பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரையோடு அது நூலாகவும் வெளிவந்தது. ஆய்வேடு திரும்பி வருவது முடிவன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ? அன்றியும், அத்துணைப் பேரறிவாளருக்கும் காலத்தில் கடன் கொடுக்க ஒரு நண்பர் தேவைப்பட்டார். நம் சாதாரணப் பிள்ளைகளுக்கு மட்டும் எவர் துணையும் தேவையில்லை என்று நாம் எப்படி இருந்துவிட முடியும்?

ஆகவே கழகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இடைக்காலக் கடன் நிதி. ஆய்வுக்குச் சேரும் நம் மாணவர்க்கு, உதவித்தொகை வந்து சேரும்வரை மாதம் 5,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்திற்கு 30,000 ரூபாய் கடனாகத் தருவது. நிலுவை வந்தவுடன் வட்டியின்றித் திரும்பப் பெறுவது. ஆண்டுக்கு இருவர் எனக் கொண்டால் 60,000 ரூபாய் போதும். பணியில் உள்ள உறுப்பினர் 120 பேர் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால் அத்தொகை சேர்ந்துவிடும். கடன் திரும்பி வரும்தோறும் நிதி வளரும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி தவறாமல் கொடுக்கும் ஊர் நம்முடையது. இது பெரிய சுமையன்று.

இரண்டாவது, ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குவது. அவர் முனைவராக இருக்க வேண்டியதில்லை. அஞ்சல்காரராக இருக்கலாம், செவிலியராக இருக்கலாம், ஓய்வுபெற்ற எழுத்தராக இருக்கலாம். மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: சாப்பிட்டாயா? பணம் வந்ததா? நெறியாளரைப் பார்த்தாயா? இம்மூன்றில் ஒன்றுக்கு விடை மழுப்பலாக வந்தால், உடனே கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது, முன்னே சென்றவர்களின் அனுபவத்தைத் தமிழில் எழுதி வாங்கிக் கழக நூலகத்தில் வைப்பது. எந்தப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் எப்போது, எந்தச் சான்று எந்த வடிவில் வேண்டும், விடுதியில் இடம் கிடைக்கும்வரை எங்கே தங்கலாம், எந்த மாணவர் அமைப்பை நாடலாம் என்பன அதில் இருக்க வேண்டும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 1993 முதல் அம்பேத்கர் மாணவர் சங்கம் இயங்கி வந்துள்ளது. அத்தகைய சங்கங்கள் பல வளாகங்களில் உள்ளன. அவற்றைப் பற்றி அறிந்து செல்பவன் தனியாகச் செல்வதில்லை.

நான்காவது, பெற்றோர் கூட்டம். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு மாணவர்களை ஊருக்கு அழைத்து, அவர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்பதைத் தம் தாய்தந்தையர்க்கு விளங்கும் தமிழில் கூறச் செய்ய வேண்டும். மகன் எதைப் படிக்கிறான் என்று அறிந்த தாய், எப்போது முடியும் என்று கேட்பதை நிறுத்திவிடுவாள். எதுவரை வந்தது என்று கேட்பாள்.

இனி, செல்லவிருக்கும் தம்பி தங்கையர்க்குச் சில சொற்கள். சேர்ந்த முதல் வாரத்தில் உங்கள் துறையின் ஆய்வு விதிகளை வாங்கி முழுவதும் படியுங்கள். நெறியாளரிடம் பேசியதை அன்றிரவே தேதியிட்டுக் குறித்து வையுங்கள். எந்த விண்ணப்பத்தையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு அலுவலகத்தில் கோப்பு இல்லை. இழிவு நேர்ந்தால் பொறுத்துக்கொள்வதும், தனியே சினந்து வெடிப்பதும் பயனற்றவை. நடந்ததை நாள், நேரம், இடம், சான்றுடன் எழுதி, இருவரை உடன் அழைத்துக்கொண்டு உரிய அலுவலரிடம் கொடுங்கள். நெறியாளர் பொருந்தவில்லை எனில் மாற்றக் கேட்பது குற்றமன்று. நல்ல ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். நம் வகுப்பினர் மட்டுமல்லர், எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். தேடிக் கண்டுகொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நெஞ்சு கனத்தால் வாய் திறந்து சொல்லுங்கள். உறக்கம் கெட்டால், உணவு வெறுத்தால், வாழ்வு வீண் என்று தோன்றினால், அதனைப் படிப்பின் ஒரு பகுதியென்று மறைத்து வைக்காதீர்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். கழகப் பெரியவரை நள்ளிரவிலும் அழைக்கலாம். படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்ப நேர்ந்தாலும் திரும்பி வாருங்கள். அண்ணலும் 1917இல் திரும்பி வந்தவரே. உங்களைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ள இவ்வூர் கற்றுக்கொள்ள வேண்டும். அதனைக் கற்பிக்கும் பொறுப்பை நம் போன்ற ஆசிரியர்கள் ஏற்கிறோம். பட்டம் நமக்கு வேண்டும். பட்டத்தைவிடப் பிள்ளை நமக்கு வேண்டும்.

அவைத்தலைவர் அவர்களே, இடைக்கால நிதிக்கு நம் பங்காக இவ்வாண்டுக்குரிய 500 ரூபாயை மேடையிலேயே பொருளாளரிடம் அளிக்கிறோம். பற்றுச்சீட்டில் முதல் எண் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மீதமுள்ள 119 பேர் இந்த அவையிலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்.